16 கோடி ஊசிக்கு முன்னால்: மரபணு சிகிச்சை எதைச் சரிசெய்யும், எப்போது சரிசெய்யும்

ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம், குழந்தைகளின் தசைகளைச் செயலிழக்க வைக்கும் எஸ்எம்ஏ என்ற பரம்பரை நோய்க்கான "16 கோடி ரூபாய் ஊசி" என்ற பேச்சைக் கேட்காதவர்கள் இன்று குறைவு. கடைகளில் குழந்தையின் படம் ஒட்டிய உண்டியல், கல்லூரி மாணவர்களின் வசூல், பனியன் கம்பெனி வாட்ஸ்அப் குழுக்களில் வங்கிக் கணக்கு எண் என்று பல மாதங்கள் ஓடின. பிறகு 2025 அக்டோபரில், அதே நோய்க்கான ஒரு மருந்து பாட்டில் 15,900 ரூபாய்க்கு வந்துவிட்டது என்ற செய்தி வந்தது. அடுத்த மாதமே, சிக்கிள் செல் என்ற ரத்த நோய்க்கு இந்தியாவிலேயே மரபணு சிகிச்சை உருவாகிறது என்று இன்னொரு அறிவிப்பு. இதற்கிடையே, பிரசவத்துக்குப் பதிவு செய்த தம்பதிகளுக்கு "குழந்தையோட ஸ்டெம் செல்லைச் சேமிச்சு வைங்க, எந்த நோய் வந்தாலும் பயமில்லை" என்று போன் மேல் போன்.

இவையெல்லாம் ஒரே விஷயமா? 16 கோடிக்கு வாங்கியதைத்தான் இப்போது 15,900க்குத் தருகிறார்களா? அப்படியானால் அப்போது கொடுத்த பணம் வீணா? இந்தக் குழப்பம் நியாயமானது. இவை வெவ்வேறு வழியில் வேலை செய்யும் வெவ்வேறு மருந்துகள். அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணம் திரட்டுவதில் நம் ஊர் காட்டும் வேகத்தில் பாதியை நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் காட்டினால், இதே மருந்துகள் இன்னும் எவ்வளவோ குழந்தைகளை நடக்க வைக்கும்.

நோய் எங்கே தொடங்குகிறது

உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் உள்ள டிஎன்ஏவில், ஒரு புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும் பகுதிதான் மரபணு. சென்னிமலையில் ஜக்கார்டு தறியில் போர்வை நெய்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். அட்டையில் எங்கே துளை இருக்கிறதோ அதன்படிதான் பூ விழும். ஒரு துளை தவறிவிட்டால் நூல் எவ்வளவு நல்ல நூலாக இருந்தாலும், நெய்கிற ஒவ்வொரு போர்வையிலும் அதே இடத்தில் அதே பிழை வரும். மரபணுவில் உள்ள பிழையும் அப்படித்தான். சத்தான சாப்பாடோ டானிக்கோ அதை மாற்றாது.

ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று அப்பாவிடமிருந்து, மற்றொன்று அம்மாவிடமிருந்து. பல நோய்களில் ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படி ஒரு கெட்ட பிரதியோடு நலமாக வாழ்பவரை மருத்துவர்கள் கேரியர் என்பார்கள். கேரியருக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. கணவன், மனைவி இருவருமே ஒரே மரபணுவில் கேரியராக இருந்தால் மட்டும், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு இரண்டு கெட்ட பிரதிகளும் சேர்ந்துவிடும்.

16 கோடி ஊசி பேசப்பட்ட முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய், சுருக்கமாக எஸ்எம்ஏ, இந்த வகையைச் சேர்ந்தது. ஐந்தாவது குரோமோசோமில் உள்ள எஸ்எம்என்1 என்ற மரபணு இல்லாமல் போவதுதான் காரணம். 1995இல் பிரான்சில் ஜூடித் மெல்கியின் குழு இதைக் கண்டறிந்தது. இந்த மரபணு செய்யும் புரதம் இல்லாவிட்டால், தண்டுவடத்திலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாக மடியும். மடிந்த நரம்பு செல் திரும்ப முளைக்காது. இந்தக் கட்டுரையின் பாதி வாதம் இந்த ஒரு உண்மையில்தான் நிற்கிறது.

நல்ல வேளையாக எஸ்எம்என்2 என்று ஏறக்குறைய அச்சு அசலாக இன்னொரு மரபணுவும் இந்த நோயாளிகளுக்கு உண்டு. ஆனால் அது செய்யும் புரதத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் முழுமையாக இருக்கும். ஒரு குழந்தைக்கு எஸ்எம்என்2 எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து நோயின் கடுமை பெரும்பாலும் மாறும். இரண்டே இருந்தால் பெரும்பாலும் முதல் வகை: ஆறு மாதத்துக்குள் அறிகுறி, உட்காரவே முடியாத நிலை. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை, அல்லது மூச்சுக் கருவியோடு வாழ வேண்டியிருக்கும். மூன்று, நான்கு பிரதிகள் இருந்தால் நோய் தாமதமாக, மெதுவாக வரும்.

ஒரு நோய், மூன்று மருந்துகள்

1. நூசினெர்சென், வணிகப் பெயர் ஸ்பின்ராசா. 2016 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. எஸ்எம்என்2 தன் புரதத்தை முழுமையாகச் செய்யும்படி தூண்டுகிறது. முதுகுத் தண்டுவட நீரில் ஊசியாகப் போட வேண்டும். முதல் இரண்டு மாதத்தில் நான்கு முறை, பிறகு நான்கு மாதத்துக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுவதும்.

2. ரிஸ்டிப்லாம், வணிகப் பெயர் எவ்ரிஸ்டி. 2020இல் வந்தது. இதுவும் எஸ்எம்என்2வைத்தான் சரிப்படுத்துகிறது, ஆனால் வாய் வழியாகத் தினமும் கொடுக்கும் சிரப். 15,900 ரூபாய்ச் செய்தி இந்த மருந்தைப் பற்றியது.

3. ஒனசெம்னோஜீன், வணிகப் பெயர் சோல்ஜென்ஸ்மா. 2019 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது. அப்போது அறிவித்த விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். நம் கணக்கில் 16 கோடி என்று வந்தது இதுதான். மூன்றில் இது ஒன்று மட்டுமே மரபணு சிகிச்சை.

மூன்றாவது மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மனிதருக்கு நோய் தராத ஏஏவி9 என்ற வைரஸின் கூட்டை எடுத்து, அதன் சொந்த மரபணுக்களை நீக்கிவிட்டு, உள்ளே நல்ல எஸ்எம்என் மரபணுவை வைக்கிறார்கள். ஒரு மணி நேரம் டிரிப்ஸ் போல ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். வைரஸ் நரம்பு செல்லுக்குள் போய் மரபணுவை விட்டுவிடுகிறது. அது குரோமோசோமோடு ஒட்டுவதில்லை, தனியாக நின்று புரதம் செய்கிறது. நரம்பு செல் பிரிந்து பெருகாது என்பதால் அந்த மரபணு அங்கேயே தங்கும்.

இதிலிருந்து சில விளைவுகள் பின்தொடர்கின்றன. கெட்ட மரபணு உடம்பில் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் ஒரு நல்ல பிரதி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் இந்தக் குழந்தை வளர்ந்து பெற்றோராகும்போது தன் பிள்ளைகளுக்குக் கெட்ட பிரதியைத்தான் கடத்தும். அடுத்தது, ஊசி போட்டதும் உடம்பு அந்த வைரஸுக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாக்கிவிடும். எனவே இரண்டாம் முறை போட முடியாது. ஏற்கெனவே எதிர்ப்பொருள் அதிகமாக இருக்கும் குழந்தைக்கு முதல் முறையே போட முடியாது, அதற்கென்று முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை உண்டு. பெரிய ஆபத்து கல்லீரலுக்கு. அதனால் முதல் நாளிலிருந்தே ஸ்டீராய்டு கொடுத்து, பல வாரங்கள் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கல்லீரல் செயலிழந்து குழந்தைகள் இறந்ததும் பதிவாகியிருக்கிறது. குழந்தையின் எடை கூடக் கூட வைரஸின் அளவும் கூட வேண்டும், அளவு கூடினால் கல்லீரலுக்குச் சுமை. அமெரிக்க அனுமதி இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருப்பதன் பின்னணி இதுதான். இரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கு, இதே மரபணுவைத் தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்தும் வடிவத்தை 2025 நவம்பரில் அங்கே அனுமதித்திருக்கிறார்கள்.

எந்த மாதத்தில் கொடுத்தார்கள் என்பதே பெரிய கேள்வி

சோல்ஜென்ஸ்மாவின் முதல் சோதனை முடிவுகள் 2017இல் வந்தன. நோய் வெளிப்பட்டுவிட்ட முதல் வகைக் குழந்தைகளில் 12 பேருக்கு முழு அளவு கொடுத்தார்கள். அவர்களில் 11 பேர் துணையில்லாமல் உட்கார்ந்தார்கள். இந்த வகையில் அதுவரை யாரும் கண்டிராத முன்னேற்றம். ஆனால் தனியாக நடந்தவர்கள் 2 பேர்.

பிறகு நடந்த இன்னொரு சோதனையில், அறிகுறி எதுவும் தெரியும் முன்பே, பிறந்த ஆறு வாரத்துக்குள் மருந்து கொடுத்தார்கள். எஸ்எம்என்2 இரண்டு பிரதிகள் கொண்ட, அதாவது முதல் வகை வந்திருக்க வேண்டிய 14 குழந்தைகளில் 14 பேருமே தனியாக உட்கார்ந்தார்கள், பெரும்பாலானோர் நடந்தார்கள். யாருக்கும் மூச்சுக் கருவி தேவைப்படவில்லை. மூன்று பிரதிகள் கொண்ட 15 பேரில் 14 பேர் தனியாக நடந்தார்கள்.

மருந்து ஒன்றுதான், கொடுத்த காலம் வேறு. உயிரோடு இருக்கும் நரம்பு செல்லை இந்த மருந்து காப்பாற்றும். மடிந்துபோனதை எழுப்பாது. ஒன்றரை வயதில் பணம் சேர்ந்து ஊசி போட்ட குழந்தை, அன்று மிச்சமிருந்த பலத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது, கொஞ்சம் கூட்டிக்கொள்கிறது. "16 கோடி போட்டும் இன்னும் நடக்கலையே" என்று சிலர் பேசுவதைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. அந்தப் பெற்றோர் எதிலும் குறை வைக்கவில்லை. நோய் முந்திக்கொண்டது.

நோய் ஏன் முந்துகிறது? பெரும்பாலும் வீட்டிலேயே மாதங்கள் போய்விடுகின்றன. நான்கு மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை என்று தாய் கவலைப்படுவாள். "அவங்கப்பனும் எல்லாமே லேட்டுத்தான், ஒண்ணும் ஆகாது கண்ணு" என்று அப்பத்தா தேற்றுவார். தைலம் தேய்ப்பார்கள், சத்து மாவு கொடுப்பார்கள். குழந்தையின் முகம் பளிச்சென்று இருக்கும், கண் நம்மையே தொடரும், சிரிக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. உற்றுப் பார்த்தால் சில அடையாளங்கள் தெரியும். படுக்க வைத்தால் கால்கள் தவளையைப் போல இரு பக்கமும் விரிந்து தரையோடு கிடக்கும், உதைக்காது. மூச்சு விடும்போது நெஞ்சு விரிவதற்குப் பதிலாக உள்ளே ஒடுங்கி, வயிறு மட்டும் ஏறி இறங்கும். அழுகைச் சத்தம் மெலிந்திருக்கும். பால் குடிக்கும்போது சீக்கிரம் களைத்துவிடும். வாய் திறந்திருக்கும் நேரத்தில் நாக்கின் ஓரத்தில் மெல்லிய துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். புத்தி தெளிவாக இருந்து உடம்பு மட்டும் துவண்டிருக்கும் குழந்தையைப் பார்த்தால், குழந்தை நல மருத்துவரிடம் எஸ்எம்ஏ பரிசோதனை வேண்டுமா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். பெரும்பாலான நோயாளிகளில் எஸ்எம்என்1இன் ஒரே பகுதி, ஏழாவது எக்ஸான், அறவே இல்லாமல் இருப்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையே உறுதி செய்துவிடும்.

பல நாடுகள் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எல்லோருக்குமே இதைப் பார்க்கின்றன. தைவான் 2014இலேயே தொடங்கிவிட்டது. நம் ஊரில் இப்போதைக்குப் பெற்றோர் கேட்டு, தனியார் ஆய்வகத்தில் பணம் கட்டினால்தான் நடக்கும். அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் இது கட்டாயமாக வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

15,900 ரூபாய் எதை மாற்றியது

ரோச் நிறுவனம் ரிஸ்டிப்லாமை இந்தியாவில் விற்றபோது ஒரு பாட்டில் சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதே மூலக்கூறைத் தயாரிக்க முன்வந்ததும் ரோச் காப்புரிமை வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடை விதிக்க மறுத்தார். அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. நாட்கோ 15,900 ரூபாய் என்று விலை வைத்து மருந்தை வெளியிட்டது.

ஒரு பாட்டிலில் இருப்பது 60 மில்லிகிராம். இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்குத் தினமும் 5 மில்லிகிராம். ஒரு பாட்டில் 12 நாள் வரும், ஆண்டுக்குச் சுமார் 30 பாட்டில். பழைய விலையில் 1 கோடியே 86 லட்சம், புதிய விலையில் 4 லட்சத்து 77 ஆயிரம்.

2. இரண்டு வயதைத் தாண்டிய 10 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் தினமும் 2.5 மில்லிகிராம். ஒரு பாட்டில் 24 நாள் வரும், ஆண்டுக்குச் சுமார் 15 பாட்டில், ஏறக்குறைய 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்.

3. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ், உயர் சிறப்பு மையங்களில் பதிவு பெறும் நோயாளி ஒருவருக்கு மொத்தம் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பழைய விலையில் அது 8 பாட்டில், 5 மில்லிகிராம் எடுப்பவருக்கு மூன்று மாதம். புதிய விலையில் அதே பணம் பத்து ஆண்டுக்கு வரும்.

மூன்றாவது கணக்குதான் என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கின் உண்மையான பொருள். மூன்று மாதத்தில் பணம் தீர்ந்ததும் மருந்தை நிறுத்த வேண்டும் என்றால், அந்தத் திட்டம் இருந்தும் இல்லாததுபோல. பத்து ஆண்டு என்றால் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும். தமிழகத்தில் அந்தப் பட்டியலில் உள்ள மையம் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. கொங்குப் பக்கத்துக் குடும்பங்கள் அங்கே பதிவு செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஊசி ஒரே தடவை, சிரப் தினமும், ஆயுள் முழுக்க. எது சிறந்தது என்பதைக் குழந்தையின் வயது, எடை, எதிர்ப்பொருள் அளவு, கல்லீரல் நிலை பார்த்து நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். 16 கோடி சேரும் வரை காத்திருப்பது இனி எந்தக் குழந்தைக்கும் தேவையில்லை. நோய் உறுதியான வாரமே சிரப்பைத் தொடங்கி, நரம்பு செல்கள் மடிவதை மட்டுப்படுத்திக்கொண்டு, மற்றதை அதன் பிறகு யோசிக்கலாம்.

கூட்டம் பார்க்கும் வழக்கம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுப்பதில்லை

கொங்கு வேளாளர்களிடம் பெண் பார்க்கும்போது முதல் கேள்வியே என்ன கூட்டம், அதாவது தகப்பன் வழியில் எந்தக் குலப் பிரிவு என்பதுதான். காடை கூட்டத்துக்குள் காடை கூட்டம் பெண் எடுக்காது. பத்துத் தலைமுறைக்கு முன் பிரிந்த குடும்பமாக இருந்தாலும் பங்காளி பங்காளிதான். மரபணுக் கண்ணோடு பார்த்தால் இந்த விதி தகப்பன் வழியை மட்டும் கவனிக்கிறது. மரபணுவோ இரண்டு வழியாகவும் பாதிப் பாதி வருகிறது. தாய்மாமன் மகள், அத்தை மகள் வேறு கூட்டம், அதனால் முறை. ஆனால் அவளும் மாப்பிள்ளையும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப் பிள்ளைகள்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழகத்தில் நான்கில் ஒரு திருமணத்துக்கும் மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது. இதன் விளைவை எஸ்எம்ஏவை வைத்தே கணக்கிடலாம். ஊரில் 50 பேரில் ஒருவர் கேரியர் என்று வைத்துக்கொள்வோம்.

1. குடும்பத்தில் நோய் வரலாறு எதுவும் இல்லாத, சொந்தமல்லாத இருவர்: ஐம்பதில் ஒன்று, பெருக்கல் ஐம்பதில் ஒன்று, பெருக்கல் நான்கில் ஒன்று. அதாவது 10,000 குழந்தைகளில் ஒன்று.

2. ஒருவருடைய தாத்தா கேரியர் என்று தெரியும், துணை சொந்தமில்லை: பேரன் கேரியராக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. கணக்கு 800இல் ஒன்று.

3. அதே தாத்தாவின் மகன் வழிப் பேத்தியும் மகள் வழிப் பேரனும் மணந்துகொண்டால்: இருவருக்கும் தலா நான்கில் ஒன்று. கணக்கு 64இல் ஒன்று.

அக்கா மகளைக் கட்டினால் வாய்ப்பு இன்னும் கூடும். இதற்காகச் சொந்தத்தில் கட்டிய தம்பதிகளைக் குற்றவாளிகளாகப் பார்க்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் பிறக்கும் பெரும்பாலான குழந்தைகள் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருக்கிறார்கள். சொந்தத்துக்கு வெளியே, அசலில் கட்டியவர்களுக்கும் இந்த நோய் வருகிறது என்பதை முதல் கணக்கே காட்டுகிறது.

சொந்தம் இல்லாவிட்டாலும் சாதிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கட்டுவது இன்னொரு விளைவைத் தருகிறது. ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் இணைந்து செய்து 2017இல் வெளியான ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களில் 81 குழுக்கள், சில முன்னோர்களிடமிருந்தே பெருகியதன் தடத்தை, அதற்குப் பெயர்போன ஃபின்லாந்து மக்களைவிட வலுவாகக் கொண்டிருந்தன. அந்தச் சில முன்னோர்களில் ஒருவரிடம் இருந்த பிழை இன்று ஆயிரக்கணக்கானோரிடம் இருக்கும். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆரிய வைசிய சமூகத்தில் ஒரு நொதிக் குறைபாட்டுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006இல் அவர்கள் வெளியிட்டார்கள். அந்தக் குறை உள்ளவருக்கு அன்றாட வாழ்வில் ஒரு தொந்தரவும் இல்லை. அறுவை சிகிச்சையில் சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்ச்சி மருந்து கொடுத்தால் மட்டும், சில நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டால் அவர் வேறு மருந்தைக் கொடுப்பார், தீர்ந்தது பிரச்சினை.

ரத்த நோய்களும் ஸ்டெம் செல்லும்

சிக்கிள் செல் நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது நம் பக்கத்து மலையில்தான். 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இதைக் கண்டார்கள். பதினோராவது குரோமோசோமில், ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அதனால் சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்து குழாய்களை அடைக்கும், தாங்க முடியாத வலி வரும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறது.

ரத்தம் எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்லிலிருந்து பிறக்கிறது. எனவே அந்தத் தாய் செல்லில் திருத்தம் செய்தால், அதிலிருந்து வரும் சிவப்பணுக்கள் எல்லாம் திருந்தியவையாக இருக்கும். 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி இந்த வழியில் போகிறது. நோயாளியின் ஸ்டெம் செல்களை எடுத்து, கிரிஸ்பர் கருவியால் பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் கட்டுப்பாட்டை வெட்டுகிறார்கள். கருவில் இருக்கும்போது உடம்பு செய்த ஹீமோகுளோபினைப் பிறந்த பின் நிறுத்தி வைப்பது அந்த மரபணுதான். அந்தத் தடையை விலக்கியதும் கருப் பருவ ஹீமோகுளோபின் திரும்ப ஊறுகிறது, செல் வளைவதில்லை. சோதனையில் 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஓராண்டு கடும் வலித் தாக்குதல் வரவில்லை. விலை 22 லட்சம் டாலர். திருத்திய செல்லைத் திரும்ப ஏற்றுவதற்கு முன் கடுமையான கீமோ மருந்தால் பழைய மஜ்ஜையை அழிக்க வேண்டும். குழந்தை பெறும் திறனையே அது பாதிக்கலாம். விலையைப் பற்றிப் பேசுகிறோம், இதைப் பற்றிப் பேசுவதில்லை.

2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பிர்சா 101, டெல்லி ஐஜிஐபி நிறுவனம் சொந்தமாக உருவாக்கிய கிரிஸ்பர் வழி. தயாரிப்புக்காகத் தொழில்நுட்பத்தைப் புனேயின் சீரம் நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர்களிடம் சோதனைகள் முடிந்துதான் அது மருத்துவமனைக்கு வரும். அதுவரை கூடலூரிலும் ஆனைகட்டியிலும் இருப்பவர்களைக் காப்பது ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும், காய்ச்சல் வந்ததும் தாமதிக்காத சிகிச்சையும்தான்.

நமக்கு அருகில் நடந்த பெரிய முன்னேற்றம் வேலூரில். சிஎம்சியில் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு, கடுமையான ஹீமோபிலியா ஏ நோயாளிகள் 5 பேருக்கு அவர்களுடைய ஸ்டெம் செல்லிலேயே ரத்தம் உறைய வைக்கும் எட்டாம் காரணியின் மரபணுவைச் சேர்த்தது. 2024 டிசம்பரில் முடிவு வெளியானபோது, ஐவரையும் சேர்த்து மொத்தம் 81 மாதக் கண்காணிப்பில் ஒருவருக்கும் ரத்தக் கசிவு இல்லை. இங்கே ஏஏவி வைரஸைப் பயன்படுத்தாததற்குக் காரணம் உண்டு. அது குரோமோசோமோடு ஒட்டாது என்று பார்த்தோம். பெருகிக்கொண்டே இருக்கும் செல்லில் அது நீர்த்துப்போகும். வேலூர்க் குழு பயன்படுத்திய லென்டிவைரஸ் குரோமோசோமிலேயே மரபணுவை இணைக்கும், செல் பெருகப் பெருகக் கூடவே பெருகும்.

தொப்புள்கொடி ரத்தம்

தொப்புள்கொடி ரத்தத்தில் ரத்த ஸ்டெம் செல்கள் இருப்பது உண்மை. ஆனால் குழந்தைக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோயோ சிக்கிள் செல்லோ இருந்தால், சேமித்த அந்த ரத்தத்திலும் அதே பிழைதான் இருக்கும். அதைத் திரும்ப ஏற்றிப் பயனில்லை. எஸ்எம்ஏவுக்கும் இது மருந்தாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்களும், சொந்த உபயோகத்துக்கென்று சேமித்து வைப்பதை ஆதரிக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படும் மூத்த பிள்ளை இருந்தால் நிலைமை வேறு, அப்போது மருத்துவரே கேட்டு வாங்கி வைப்பார். மற்றபடி, ஆட்டிசத்துக்கும் மூளை வாதத்துக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். அதற்கு நிரூபணம் இல்லை.

எப்போது, எந்தப் பரிசோதனை

1. தலசீமியா கேரியரா என்று பார்க்க, சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையில் எம்சிவி என்ற அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் ஹெச்பிஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவைப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறாத ரத்தசோகை இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். சிக்கிள் செல்லும் ஹெச்பிஏ2 பார்க்கும் பரிசோதனையில் தெரியும்.

2. எஸ்எம்ஏ கேரியர் பரிசோதனை தனி. திருமணம் நிச்சயமானதும் அல்லது குழந்தைக்குத் திட்டமிடும்போதே செய்துவிடுவது நல்லது. ஒருவருக்குச் செய்து கேரியர் இல்லை என்று வந்தால் மற்றவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. நூற்றுக்கு நூறு உறுதி தரும் பரிசோதனை இல்லை என்பதையும் ஆலோசகர் விளக்குவார்.

3. இருவரும் கேரியர் என்று தெரிந்தால், கர்ப்பத்தின் 11ஆவது வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவையோ, 16ஆவது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரையோ எடுத்துக் கருவைப் பரிசோதிக்கலாம். முடிவு வர நாளாகும் என்பதால், கர்ப்பம் உறுதியான வாரமே மரபணு ஆலோசகரைப் பார்ப்பது அவசியம்.

கேரியர் என்று பெண்ணுக்கு வந்த அறிக்கையை வைத்துக்கொண்டு அவள் பக்கத்தை மட்டும் குறை சொல்லும் பேச்சு நம் வீடுகளில் எழும், எழுகிறது. மேலே சொன்ன எஸ்எம்ஏ, தலசீமியா, சிக்கிள் செல் மூன்றிலுமே தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் நோய். மாமியார் வீட்டாரின் பங்கும் சரிபாதி.

ஒரு குடும்பத்தில் எஸ்எம்ஏ நோயோடு ஒரு குழந்தை இருந்தால், அதன் சித்தப்பா, அத்தை, தாய்மாமன், சித்தி ஒவ்வொருவரும் கேரியராக இருக்க ஏறக்குறைய இரண்டில் ஒரு வாய்ப்பு. ஊரில் மற்றவர்களுக்கு ஐம்பதில் ஒன்று. அதில் இன்னும் கல்யாணம் ஆகாதவர்களும், பிள்ளைக்குக் காத்திருப்பவர்களும்தான் முதலில் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டியவர்கள்.